'பொண்டாட்டியைத்தானே அடிச்சான், பிள்ளையை இல்லையே' - குடும்ப வன்முறை வழக்கில் குழந்தை யாரிடம் இருக்கும்?

'மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலை 10 மணிக்குக் குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும். மாலை 5 மணிக்குத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.'

குடும்ப நல நீதிமன்றங்களின் இடைக்கால உத்தரவுகளில் இந்த மாதிரி இரண்டு வரிகள் இருப்பது சகஜம். ஒத்துப்போகாமல் பிரிந்த தம்பதிக்கு இது நியாயமான ஏற்பாடுதான். அம்மாவும் வேண்டும், அப்பாவும் வேண்டும் என்று நினைக்கும் குழந்தைக்கு அந்த ஏழு மணி நேரம் பெரிய விஷயம்.

ஆனால் அந்தத் தம்பதி பிரிந்ததற்குக் காரணமே அடி, உதை, மிரட்டல் என்றால்? காலை 10 மணிக்குக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, தன்னை அடித்த அதே ஆளுக்கு முன்னால் மாதம் இரண்டு முறை அந்தப் பெண் போய் நிற்க வேண்டும். அவரைப் பார்த்ததுமே நடுங்கும் குழந்தையை அவரோடு அனுப்பியும் வைக்க வேண்டும். அனுப்பாவிட்டால் நீதிமன்ற உத்தரவை மீறியதாகிவிடும்.

கணவன் மனைவியை அடித்தார் என்ற விஷயம், குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற முடிவில் எவ்வளவு எடை பெறுகிறது? இந்தியச் சட்டம் இதற்கு என்ன சொல்கிறது, திருச்சி மாதிரி ஒரு ஊரில் நடைமுறை எப்படி, உலகத்தில் மற்ற நாடுகள் ஏன் இப்போது தங்கள் சட்டத்தையே மாற்றி எழுதுகின்றன?

அரியமங்கலத்திலிருந்து தொடங்கும் ஒரு வழக்கு

உதாரணத்துக்கு ஒரு சூழ்நிலையை வைத்துக்கொள்வோம். திருச்சி அரியமங்கலத்தைச் சேர்ந்த ஒரு பெண், திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவர். கணவரின் அடி தாங்காமல் ஆறு வயது மகனையும் மூன்று வயது மகளையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு வாரம் கழித்துக் கணவர் தரப்பு வருகிறது. "நீ வேணும்னா இங்கேயே இரு, பையனை மட்டும் அனுப்பு" என்கிறார்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் போவது போலீஸ் நிலையத்துக்குத்தான். அங்கே மனு வாங்கிக்கொண்டு, சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். பல நேரம் "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவைப்பார்கள். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை போலீஸ் முடிவு செய்ய முடியாது. அது நீதிமன்றத்தின் வேலை.

நீதிமன்றம் என்றாலும் இரண்டு கதவுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாததால்தான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

ஒன்று, குடும்ப நல நீதிமன்றம். 1890-ம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின்படி குழந்தையின் பொறுப்பைக் கேட்டு இங்கே மனு போடலாம். விவாகரத்து வழக்கு நடந்தால் அதற்குள்ளேயே, இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவின்படியும் கேட்கலாம். ஆனால் 1890-ம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சிக்கல். குழந்தை 'வழக்கமாக வசிக்கும்' ஊர் எதுவோ அங்கேதான் மனு போட வேண்டும். திருப்பூர் பள்ளியில் படித்த பையன் அரியமங்கலத்துக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது என்றால், அவன் வழக்கமாக வசிப்பது எந்த ஊர்? இந்தக் கேள்விக்கே சில வாய்தாக்கள் போய்விடும்.

இன்னொன்று, நீதித்துறை நடுவர் நீதிமன்றம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-ன் கீழ் இங்கே மனு போடலாம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தில் அந்த ஊர்ச் சண்டை கிடையாது. பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடமே போதும். அம்மா வீடு அரியமங்கலம் என்றால் திருச்சியிலேயே மனு போடலாம். திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை.

பலருக்குத் தெரியாத 21-வது பிரிவு

குடும்ப வன்முறைச் சட்டம் என்றதும் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் தங்கும் உரிமை, ஜீவனாம்சம் ஆகிய மூன்றும் நினைவுக்கு வரும். அதே சட்டத்தின் 21-வது பிரிவு குழந்தைகளைப் பற்றியது. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், குழந்தையைத் தற்காலிகமாக அந்தப் பெண்ணின் பொறுப்பில் ஒப்படைக்க நடுவருக்கு இந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும் இது பொருந்தும் என்ற வாசகத்தோடுதான் பிரிவே தொடங்குகிறது. குழந்தை என்றால் 18 வயதுக்குக் கீழ் யாராக இருந்தாலும் சரி. தத்துப்பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை, கணவரின் முதல் தாரத்துப் பிள்ளையும் இதில் அடக்கம்.

அதைவிட முக்கியமானது அந்தப் பிரிவின் கடைசியில் உள்ள நிபந்தனை. எதிர்தரப்பு குழந்தையைச் சந்திப்பது குழந்தையின் நலனுக்குத் தீங்காக அமையலாம் என்று நடுவர் கருதினால், அந்தச் சந்திப்பை அவர் மறுக்க வேண்டும். 'மறுக்கலாம்' என்று எழுதவில்லை, 'மறுக்க வேண்டும்' என்றே எழுதியிருக்கிறார்கள். தீங்கு வரும் என்ற முடிவுக்கு நீதிமன்றம் வந்துவிட்டால், அதற்கு மேல் யோசிக்கச் சட்டம் இடம் வைக்கவில்லை. உலக நாடுகள் சில இப்போதுதான் வந்து சேரும் இடத்துக்கு, இந்தியாவில் 2005-லேயே ஒரு வரி எழுதி வைத்துவிட்டார்கள். அது பாதுகாப்புச் சட்டத்துக்குள் மட்டும் இருப்பதுதான் குறை. காப்பாளர் சட்டத்திலோ, இந்து திருமணச் சட்டத்திலோ இப்படி வெளிப்படையாக ஒரு வரி கிடையாது.

18-வது பிரிவில் கிடைக்கும் பாதுகாப்பு உத்தரவும் குழந்தைக்கு உதவும். பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால், எதிர்தரப்பு அதன் பள்ளிக்குள் நுழையக்கூடாது என்று தடை போடலாம். அந்தப் பெண்ணுக்கு அடைக்கலம் கொடுக்கும் உறவினர்களைத் தாக்கக்கூடாது என்றும் உத்தரவிடலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தக் குற்றம் ஜாமீனில் வெளிவர முடியாதது.

சட்டப்படி முதல் விசாரணை பொதுவாக மனு கிடைத்த 3 நாளுக்குள் நடக்க வேண்டும். 60 நாளில் மனுவை முடிக்க நடுவர் முயற்சி செய்ய வேண்டும். அவசரம் என்றால், எதிர்தரப்பு வருவதற்கு முன்பே பிரமாணப் பத்திரத்தை வைத்து இடைக்கால உத்தரவு போடலாம். நடைமுறை வேற. நீதிமன்ற வாசலில் நிற்கும் யாரைக் கேட்டாலும் 60 நாள் என்பதற்குச் சிரிப்புதான் பதிலாக வரும். அதனால்தான், முதல் மனுவிலேயே 21-வது பிரிவையும் சேர்த்து, இடைக்கால உத்தரவையும் தனியாகக் கேட்பது அவசியமாகிறது. பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் பையனைப் பள்ளி வாசலிலிருந்து அப்பா வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார். அப்பா இயற்கைப் பாதுகாவலர் என்பதால் கடத்தல் வழக்குப் பதியப் போலீஸ் தயங்கும். பிறகு மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு, அலைச்சல், செலவு.

'நல்ல புருஷன் இல்லாம போகலாம், நல்ல அப்பாதான்'

குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் அடிக்கடி வரும் வாதம் இதுதான். மனைவியை அடித்தது கணவன் மனைவிக்குள் உள்ள பிரச்னை. பிள்ளை மேல் ஒரு அடி விழுந்ததில்லை. அதனால் அதையும் இதையும் முடிச்சுப் போடக்கூடாது.

கேட்கச் சரியாகத் தெரியும் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அம்மா அடிபடும்போது குழந்தை எங்கே இருக்கிறது? ஒற்றை அறை வீட்டில், பாயில் படுத்துக்கொண்டு, தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1998-ல் வெளியான, குழந்தைப் பருவத் துயரங்கள் பற்றிய புகழ்பெற்ற ஆய்வில், அம்மா வன்முறைக்கு ஆளாவதைப் பார்த்து வளர்வதும் ஒரு தனி வகைப் பாதிப்பாகக் கணக்கிடப்பட்டது. உடல்ரீதியாக அடிபட்ட குழந்தைகளுக்கு வரும் பாதிப்புகளுக்குப் பக்கத்திலேயே அதையும் வைத்தார்கள். வளர்ந்த பிறகு மனச்சோர்வு, போதைப் பழக்கம், இதய நோய் வரை இந்தத் துயரங்களின் எண்ணிக்கையோடு சேர்ந்தே கூடுவதாக அந்த ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டில் இது சின்ன எண்ணிக்கை இல்லை. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய சராசரி 29 சதவீதம். இந்த வீடுகளில் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கெடுப்பு தனியாகச் சொல்லத் தேவையில்லை.

உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை எப்படிப் பார்த்தது? இங்கே 2008-ல் வந்த நீல் ரத்தன் குண்டு வழக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

கொல்கத்தாவில் ஒரு இளம் தாய் இறந்துபோனார். வரதட்சணை மரணம், கொடுமைப்படுத்துதல் என்று கணவர் மீது வழக்கு. அவர்களின் மகன் அம்மா வழித் தாத்தா பாட்டியிடம் இருந்தான். ஜாமீனில் வந்த தந்தை, நான்தான் இயற்கைப் பாதுகாவலர், பிள்ளையைக் கொடுங்கள் என்று கேட்டார். கீழ் நீதிமன்றமும் கொல்கத்தா உயர் நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. வழக்குதானே நடக்கிறது, குற்றம் நிரூபணமாகவில்லையே என்பது அந்தப் பார்வை.

உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளையும் ரத்து செய்தது. பாதுகாவலராக வர விரும்புகிறவரின் குணத்தையும் பார்க்க வேண்டும் என்று 1890-ம் ஆண்டுச் சட்டத்தின் 17-வது பிரிவே சொல்கிறது. அப்படியிருக்க, இவ்வளவு கடுமையான குற்றவழக்கு நிலுவையில் இருப்பதை எப்படிக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று கேட்டது. நீதிபதிகள் அந்தச் சிறுவனைத் தங்கள் அறைக்கே அழைத்துப் பேசினார்கள். அப்பாவிடம் போக மாட்டேன், தாத்தா பாட்டியிடமே இருக்கிறேன் என்று அவன் தெளிவாகச் சொன்னான். அங்கேயே இருக்கட்டும் என்று தீர்ப்பு வந்தது.

இந்தத் தீர்ப்பின் அர்த்தம் என்ன? கணவர் மீதான குற்றவழக்கில் தண்டனை வரும்வரை குழந்தை வழக்கு காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவழக்குக்குத் தேவையான 'சந்தேகத்துக்கு இடமில்லாத' நிரூபணம் இங்கே தேவையில்லை. குழந்தைக்கு எது நல்லது என்ற கேள்விக்குப் பதில் தேடும்போது, வீட்டில் நடந்த வன்முறையும் மேசைக்கு வந்தாக வேண்டும். இதே வழியில் 1992-லும் ஒரு தீர்ப்பு உண்டு. மனைவியைக் கொடுமைப்படுத்திய வழக்கில் சிக்கிய ஒரு தந்தைக்குப் பதிலாக, பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்டு அவர்களின் தாய்மாமனிடமே உச்ச நீதிமன்றம் பொறுப்பை ஒப்படைத்தது.

இதற்கெல்லாம் அடித்தளம் போட்டது சென்னையிலிருந்து போன ஒரு வழக்குதான். 1973-ல் ரோஸி ஜேக்கப் வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகள் அல்ல, அவர்களின் விளையாட்டுப் பொருட்களும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் குழந்தை வழக்குகளில் வழக்கறிஞர்கள் மறக்காமல் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது.

இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம், 1956 தந்தையைத்தான் முதல் இயற்கைப் பாதுகாவலர் என்கிறது. 'தந்தைக்குப் பிறகு தாய்' என்ற அந்த வாசகத்துக்கு, தந்தை இறந்த பிறகு என்று மட்டும் அர்த்தமில்லை என 1999-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கம் கொடுத்தது. 5 வயது வரையிலான குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படியென்றால் நம் உதாரணத்தில் மூன்று வயது மகள் பற்றிப் பெரிய சண்டை வராது. ஆறு வயது மகன்தான் வழக்கு. உறவினர் பஞ்சாயத்துகளில் 'பொண்ணு உனக்கு, பையன் எங்களுக்கு' என்று பிரித்துக்கொள்ளும் பழக்கமும் இங்கே உண்டு. அண்ணன் தங்கையைப் பிரிப்பது குழந்தைகளுக்கு நல்லதா என்று அந்தப் பஞ்சாயத்தில் யாரும் கேட்பதில்லை.

அணுகுண்டை வீட்டிலேயே வைத்துக்கொண்டு...

எல்லாப் பெண்களும் அம்மா வீட்டுக்கு வந்துவிட முடியாது. பிள்ளைகளின் பள்ளி, வேலை, வீட்டுக் கடன் என்று அதே வீட்டில் இருக்க வேண்டிய கட்டாயம் பலருக்கு. அப்போது யார் வெளியே போக வேண்டும்?

2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா முன்பு இந்தக் கேள்வி வந்தது. வழக்கறிஞராகப் பணிபுரியும் ஒரு பெண், இரண்டு குழந்தைகளோடு கணவருடன் ஒரே வீட்டில் இருந்தார். கணவரை வெளியேற்றக் கேட்டபோது குடும்ப நல நீதிமன்றம் அவரை வெளியேறச் சொல்லவில்லை. வீட்டில் அமைதியைக் குலைக்கக் கூடாது என்று மட்டும் அவருக்கு உத்தரவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தொந்தரவு செய்யாதே என்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்றார் நீதிபதி மஞ்சுளா. அணுகுண்டைக் கண்டு பயப்படுகிறவருக்கு நிம்மதி தர வேண்டுமென்றால், குண்டைப் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்துவதுதான் வழி என்ற அவரது ஒப்பீடு அப்போது பரவலாகப் பேசப்பட்டது. இரண்டு வாரத்தில் கணவர் வேறு இடம் பார்த்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் போலீஸ் உதவியோடு வெளியேற்றலாம் என்பது உத்தரவு.

கணவருக்குப் போக வேறு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை என்றும் அந்த உத்தரவு சொன்னது. குழந்தைகள் பள்ளி மாறாமல், படுத்துறங்கிய அறை மாறாமல் இருக்க இப்படியும் ஒரு வழி உண்டு என்பதை அது காட்டியது.

அப்பாவின் உரிமை என்னாகும்?

நியாயமான கேள்வி. விவாகரத்துச் சண்டையில் கோபத்துக்காகவும் பேரத்துக்காகவும் புகார் கொடுப்பவர்கள் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. குழந்தையை ஆயுதமாக்கி, அப்பாவின் முகத்தையே காட்டாமல் வைத்திருக்கும் தாய்மார்களும் உண்டு. 2020-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் இருவரின் அன்பும் குழந்தைக்குத் தேவை என்றும், பொறுப்பு கிடைக்காத பெற்றோர் நேரிலும் வீடியோ அழைப்பிலும் குழந்தையோடு பேச வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் இதைத்தான் சொல்கிறது. ஆனால் 'குழந்தையின் நலனுக்கு எதிராக இல்லாதபட்சத்தில்' என்ற நிபந்தனையோடு.

சிக்கல் வருவது 'பேரன்டல் ஏலியனேஷன்' என்ற சொல் நுழையும்போது. ஒரு பெற்றோர், குழந்தையின் மனதில் இன்னொரு பெற்றோருக்கு எதிராக விஷம் ஏற்றுவதை இப்படிச் சொல்கிறார்கள். 2017-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. இப்போது பல வழக்குகளில், 'அப்பாகிட்ட போக மாட்டேன்' என்று குழந்தை அழுதாலே, அம்மா சொல்லிக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டு வருகிறது. பயத்தில் அழுகிறதா, சொல்லிக் கொடுத்து அழுகிறதா? இரண்டுமே வெளியில் ஒரே மாதிரிதான் தெரியும். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு கடிவாளம் போட்டது. ஒருவர் மீது அவசரப்பட்டு இந்த முத்திரையைக் குத்தக்கூடாது. குறிப்பாக என்ன செயல், எப்போது செய்தார் என்று காட்ட வேண்டும் என்றது. அந்த வழக்கில் அப்பாவிடம் இருக்க விரும்பிய பிள்ளைகள் அப்பாவிடமே இருந்தார்கள். ஆக, இந்தக் கடிவாளம் அம்மாவுக்கு மட்டுமானது இல்லை. வன்முறைப் புகார்களை முறியடிக்க இந்தச் சொல் பயன்படுத்தப்படுவதாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் 2023-ல் மனித உரிமை கவுன்சிலில் எச்சரித்ததும் இதே விஷயத்தைத்தான்.

குழந்தையை அடிப்பது அம்மா என்றால்? அப்பாவும் காப்பாளர் சட்டத்தின் கீழ் மனு போடலாம். குடும்ப வன்முறைச் சட்டம் பெண்களுக்கு மட்டும்தான் என்றாலும், பொறுப்பில் உள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவது 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவில் தனிக் குற்றம். அம்மா, அப்பா, சித்தி, பாட்டி யாராக இருந்தாலும் 3 ஆண்டு வரை சிறை.

மற்ற நாடுகளில் என்ன மாறுகிறது?

ஆஸ்திரேலியாவில் 2006-ல், பெற்றோர் இருவருக்கும் சம பொறுப்பு என்ற அனுமானத்தோடு குடும்பச் சட்டத்தைத் திருத்தினார்கள். விதிவிலக்கு வன்முறைக்கு உண்டு என்றாலும், சம பொறுப்பு என்றால் சம நேரம் என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். பயந்துபோன தாய்மார்கள், கேட்டாலும் கிடைக்காது என்று நினைத்துப் பாதுகாப்பில்லாத ஏற்பாடுகளுக்குச் சம்மதித்தார்கள். 2024 மே 6 முதல் அந்த அனுமானமே சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. குழந்தையின் நலனைத் தீர்மானிக்கும்போது பார்க்க வேண்டிய பட்டியலில் பாதுகாப்புதான் இப்போது முதல் வரி.

பிரிட்டனில் காரணம் இன்னும் கொடூரமானது. 2014-ல் க்ளேர் த்ரோஸல் என்ற தாயின் இரண்டு மகன்களை, சந்திப்புக்காகக் கூட்டிப்போன தந்தையே வீட்டுக்குத் தீ வைத்துக் கொன்றார். ஆபத்து இருக்கிறது என்று அவர் முன்பே எச்சரித்திருந்தார். பத்தாண்டுக்கு மேல் அவர் நடத்திய பிரசாரத்துக்குப் பிறகு, பெற்றோர் இருவரின் தொடர்பும் குழந்தைக்கு நல்லது என்ற சட்ட அனுமானத்தை நீக்கப்போவதாக 2025 அக்டோபரில் பிரிட்டன் அரசு அறிவித்தது. அமெரிக்காவில், 2018-ல் தந்தையால் கொல்லப்பட்ட 7 வயதுச் சிறுமி கெய்டனின் பெயரில் 2022-ல் வந்த சட்டம், வன்முறை பற்றி நீதிபதிகளுக்குப் பயிற்சி தரும் மாநிலங்களுக்கு நிதி வழங்குகிறது.

வெளிநாட்டில் அடிபட்டுக் குழந்தையோடு திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கும் பெண்களுக்குக் கேள்வி வேறு. குழந்தைகளை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவது தொடர்பான 1980-ம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2015-ல் தமிழ்நாட்டுத் தம்பதியின் வழக்கு ஒன்றில், பிரிட்டன் நீதிமன்றத்தின் உத்தரவுக்கு மதிப்பளித்துப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2017-ல் அதைவிடப் பெரிய அமர்வு அந்த அணுகுமுறையை மாற்றியது. வெளிநாட்டு உத்தரவு ஒரு காரணி மட்டுமே, குழந்தையின் நலன்தான் கடைசிச் சொல் என்பதுதான் இப்போதைய நிலை. இலங்கை இந்த உடன்படிக்கையில் இருக்கும் நாடு. அங்கே திரும்பும் தாய்க்கு இதே பதில் கிடைக்காது.

நீதிமன்றத்தில் எதைக் காட்ட வேண்டும்?

நம்மூர் நடைமுறையில் வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான். அடிபட்ட பெண்களில் பலர் ஆஸ்பத்திரியில் 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்' என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படியே பதிவாகிவிடும். அரசு மருத்துவமனையில் உண்மையைச் சொன்னால் விபத்துப் பதிவேட்டில் அது ஏறும். அந்த ஏ.ஆர். காப்பி பின்னாளில் பேசும்.

குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 1984-ன் 14-வது பிரிவு ஒரு நல்ல சலுகை தருகிறது. சாதாரணச் சாட்சியச் சட்டத்தில் ஏற்கப்படாத ஆவணங்களைக்கூட, பிரச்னையைத் தீர்க்க உதவும் என்றால் அந்த நீதிமன்றம் பார்க்கலாம். பள்ளி ஆசிரியர் டைரியில் எழுதிய குறிப்பு, பிள்ளை படுக்கையை நனைக்க ஆரம்பித்ததைப் பற்றி டாக்டர் எழுதிய சீட்டு, நள்ளிரவில் வந்த வாட்ஸ்அப் மிரட்டல், போலீஸ் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது எல்லாமே இதில் வரும். மனநல நிபுணரின் உதவியை நீதிமன்றமே கேட்க 12-வது பிரிவு வழி செய்கிறது. விசாரணையை மூடிய அறையில் நடத்தவும் கேட்கலாம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் இன்னொரு உதவி, பாதுகாப்பு அலுவலர். மாவட்ட சமூக நலத்துறையின் கீழ் இருக்கும் இவரிடம் போனால், நடந்ததைக் குறித்துச் சம்பவ அறிக்கை தயாரித்து நீதிமன்றத்துக்கு அனுப்புவார். இதற்குக் கட்டணம் கிடையாது. கவுன்சிலிங் என்று அனுப்பினால் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அடித்ததற்கு நியாயம் சொல்ல எதிர்தரப்பை அங்கே அனுமதிக்கக்கூடாது என்று 2006-ம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. 'அவ வாய் பேசினா, நான் அடிச்சேன்' என்பதெல்லாம் அங்கே எடுபடக்கூடாது.

மனுவில் 'சந்திப்பே கூடாது' என்று மட்டும் எழுதாமல், நீதிமன்றம் மறுத்தால் வேறு என்ன வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். சந்திப்பு நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே நடக்க வேண்டும், இரவு தங்கல் கூடாது, குழந்தையைக் கொண்டுவருவதும் கூட்டிப்போவதும் தாத்தாவோ மாமாவோ, அம்மா நேரில் வரத் தேவையில்லை, குடித்துவிட்டு வந்தால் அன்றைய சந்திப்பு ரத்து, குழந்தையை ஊர் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று விவரமாக. பயிற்சி பெற்ற ஆள் பக்கத்தில் இருந்து கண்காணிக்கும் சந்திப்பு மையங்கள் சில வெளிநாடுகளில் உண்டு. இந்தியச் சட்டத்தில் அதற்கென்று வரையறை இல்லை. அதனால் உத்தரவில் என்ன எழுதப்பட்டிருக்கிறதோ அதுதான் பாதுகாப்பு. 'தந்தை குழந்தையைப் பார்க்கலாம்' என்று ஒற்றை வரியில் முடியும் உத்தரவு, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு புதுச் சண்டை.

ஏற்கெனவே அப்படி ஒரு உத்தரவு வந்துவிட்டால்? குழந்தைப் பொறுப்பு உத்தரவுகள் எதுவும் இறுதியானவை அல்ல என்றும், சூழ்நிலை மாறியதைக் காட்டினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றும் அதே ரோஸி ஜேக்கப் தீர்ப்பு சொல்கிறது. சந்திப்புக்குப் போய்வந்த குழந்தை உடம்பில் காயத்தோடு வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிப் பதிவு செய்து, அடுத்த சனிக்கிழமைக்கு முன்பே மாற்றல் மனு போட வேண்டும். உத்தரவைச் சொல்லாமல் கொள்ளாமல் மீறினால் வழக்கு எதிராகத் திரும்பும். பாலியல் அத்துமீறல் சந்தேகம் என்றால் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

வக்கீல் வைக்கப் பணமில்லை என்பது தடையாக இருக்க வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வழக்கறிஞர் வழங்க 1987-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் நேரில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 181. குழந்தைகளுக்கு 1098. இந்த எண்ணைக் குழந்தையே அழைக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரும் ஆசிரியரும்கூட அழைக்கலாம். அந்த நொடியில் அடி விழுந்துகொண்டிருக்கிறது என்றால் 112.